பணக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்: சேர்த்து வைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு அட்டவணைகள் கைக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தேசியக் கணக்கு: எந்தத் தொழில் எவ்வளவு மதிப்புக் கூட்டியது, அதாவது உற்பத்தியின் மதிப்பில் வாங்கிய உள்ளீடுகளின் செலவு போக மீதி எவ்வளவு, என்று சொல்வது. இன்னொன்று, எந்தத் துறை எவ்வளவு தண்ணீர் எடுத்தது, எவ்வளவு கழிவை ஆற்றில் விட்டது என்ற விவரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ‘ஒரு கன மீட்டருக்கு இத்தனை பணம்’ என்று ஓர் எண் வந்துவிடும். அதையே தலைப்பாக்கி அறிக்கையும் எழுதிவிடலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன்.

வகுத்ததில் பிழை இல்லை. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே ஆளை, ஒரே இடத்தை, ஒரே காலத்தைப் பற்றியவைதானா என்று கேட்காமல் வகுத்ததுதான் பிழை. பணக் கணக்கின் கண்ணுக்குக் கைமாறுவது மட்டும்தான் தெரியும். விற்றவர் யார், வாங்கியவர் யார், தொகை எவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிந்தது. தண்ணீர் பெரும்பாலும் ரசீது இல்லாமல் ஓடுவது. மேலே ஒருவர் எடுத்து விட்ட நீரையே கீழே இன்னொருவர் எடுப்பார். இந்த வித்தியாசத்தை மறந்தால் கீழே வரும் தவறுகளில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்வோம்.

இணைக்கும் முறை புதியதல்ல. 1990-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் புள்ளியியல் துறை ‘நமேயா’ என்ற அட்டவணையை உருவாக்கியது. தேசியக் கணக்கின் வரிசைகளையும் பத்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒவ்வொரு தொழிலும் வெளியேற்றும் மாசை கிலோவில் எழுதினார்கள். பணம் பணமாகவே இருந்தது, மாசு எடையாகவே இருந்தது. ஒன்றை இன்னொன்றாக மாற்ற முயலவில்லை. அதன் தண்ணீர்ப் பதிப்புக்கு ‘நம்வா’ என்று பெயர். ஐ.நா. 1993-ல் சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கியலுக்கு முதல் கையேட்டை வெளியிட்டது. தண்ணீருக்கென்று தனி முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2007-ல் இடைக்காலத் தரமாக ஏற்றது. 2012-ல் இந்தக் கணக்கியலின் மையச் சட்டகமே சர்வதேசத் தரமானது. ஆக, விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. சறுக்கல் எல்லாம் அவற்றைப் பயன்படுத்தும் இடத்தில்தான்.

‘எவ்வளவு பயன்படுத்தியது?’ என்ற ஒரே கேள்விக்கு நான்கு பதில்கள்

ஒரு காகித ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம். ஆலை ஆற்றிலிருந்து தானே 100 அலகு எடுக்கிறது. நீர் வழங்கும் நிறுவனத்திடம் 20 அலகு விலைக்கு வாங்குகிறது. வேலை முடிந்ததும் 65 அலகைத் திரும்ப ஆற்றில் விடுகிறது. 30 அலகை ஊரின் கழிவுநீர்க் குழாயில் விடுகிறது. மீதி 25 அலகு ஆவியாகப் போனது, கொஞ்சம் காகிதத்தோடு போனது.

இப்போது, ஆலை எவ்வளவு தண்ணீர் பயன்படுத்தியது?

ஆற்றிலிருந்து எடுத்ததைக் கேட்டால் 100. உள்ளே வந்த மொத்தத்தைக் கேட்டால் 120. உள்ளே வந்ததில் வெளியே அனுப்பியதைக் கழித்துக் கேட்டால் 25. பணக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் 20, ஏனென்றால் அதற்குத்தான் பில் இருக்கிறது. நான்குமே சரியான எண்கள்தான். நான்கும் நான்கு வேறு விஷயங்கள்.

ஐ.நா. முறையில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. இயற்கையிலிருந்து எடுப்பது ‘நீர் எடுப்பு’. எடுத்ததும் பிறரிடம் பெற்றதும் சேர்ந்தது ‘மொத்தப் பயன்பாடு’. அதில் மற்றவர்களுக்குக் கொடுத்ததையும் இயற்கைக்குத் திருப்பியதையும் கழித்தால் ‘நீர் நுகர்வு’. வீட்டுப் பேச்சில் நுகர்வு என்றால் பயன்படுத்துவதுதான். இங்கே அப்படியல்ல; திரும்பி வராமல் போனது மட்டும்தான் நுகர்வு. ஓர் அறிக்கையில் ‘நீர் நுகர்வு’ என்ற சொல்லைப் பார்த்தால், எழுதியவர் எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார் என்று உடனே தேடுவது என் பழக்கமாகிவிட்டது. தேடி முடிப்பதற்குள் அறிக்கையின் தரம் பாதி தெரிந்துவிடும்.

அனல் மின் நிலையம் இந்தக் குழப்பத்தின் உச்சம். ஒரு பக்கம் ஆற்று நீரை உறிஞ்சி, குளிர்விக்கப் பயன்படுத்தி, மறுபக்கம் சூடாகத் திருப்பிவிடும் நிலையங்கள் ஏராளமாக எடுக்கும், மிகக் கொஞ்சமாகவே நுகரும். குளிர்விப்புக் கோபுரம் வைத்து அதே நீரைச் சுழற்றும் நிலையங்கள் நேர்மாறு: எடுப்பது குறைவு, எடுத்ததில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஒரு நாடு முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறினால் நீர் எடுப்புக் கணக்கு தடாலென்று சரியும். ‘மின்துறை தண்ணீரை மிச்சப்படுத்திவிட்டது’ என்று தலைப்பு வரும். ஆற்றுக்குத் திரும்பாமல் போகும் நீரோ கூடியிருக்கலாம். நீர்மின் நிலையம் இன்னும் ஒரு படி மேலே: விசைச்சக்கரம் வழியாகப் போகும் நீர் முழுவதும் எடுப்பாகவும் பதிவாகும், திருப்பியதாகவும் பதிவாகும். அதைத் தனி வரியில் காட்டாமல் மொத்தத்தில் சேர்த்தால் மற்ற எல்லாத் தொழில்களும் அதன் முன்னால் கண்ணுக்கே தெரியாது.

விவசாயத்தில் வேறு சிக்கல். மண்ணில் தங்கிய மழை ஈரத்தைப் பயிர் உறிஞ்சுவதும் ஐ.நா. தண்ணீர் முறையில் ஓர் எடுப்புதான். சில நாடுகள் இதைக் கணக்கிடுகின்றன, பல நாடுகள் பாசன நீரோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிட்டால் அது எதையும் சொல்லாது.

பணத்திலிருந்து தண்ணீரைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசை

இது மிகவும் கவர்ச்சியான தவறு, ஏனென்றால் வேலை சுலபம். தேசியக் கணக்கின் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணையில் ‘நீர்’ என்று ஒரு வரிசை இருக்கும். எந்தத் தொழில் நீருக்கு எவ்வளவு பணம் கொடுத்தது என்பது அதில் தெரியும். நாட்டின் மொத்த நீரையும் அதே விகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

ஒரு நீர் நிறுவனம் 1000 அலகு விற்கிறது. வீடுகளுக்கு 200 அலகு, அலகுக்கு 10 காசு. ஆலைகளுக்கு 300 அலகு, அலகுக்கு 30 காசு. பாசனத்துக்கு 500 அலகு, அலகுக்கு 1 காசு. மொத்த வசூல் 2000, 9000, 500 சேர்ந்து 11,500 காசு. பண விகிதப்படி தண்ணீரைப் பிரித்தால் ஆலைகளுக்கு 783 அலகு போகும். உண்மையில் வாங்கியது 300. பாசனத்துக்கு 43 அலகு கிடைக்கும், உண்மை 500. பிழை பத்து மடங்குக்கும் மேல், அதுவும் எந்தத் துறை அதிகம் எடுக்கிறதோ அந்தத் துறையிலேயே. விலைகள் பயனருக்குப் பயனர் மாறும்போது பண விகிதம் தண்ணீர் விகிதமாகவே முடியாது. தண்ணீர் விலை ஒரே மாதிரி இருக்கும் இடம் அரிது.

இது பில் வருகிற தண்ணீரின் கதை. சொந்தக் கிணறு, சொந்த ஆற்றுக் குழாய் வைத்திருப்பவர்களின் நீர் அந்த வரிசையில் வரவே வராது. அவர்கள் பம்புக்கு வாங்கிய மின்சாரம் மின்சார வரிசையில் இருக்கும், பம்பு முதலீட்டில் இருக்கும், நீர் எங்கும் இருக்காது. நம் காகித ஆலையின் 100 அலகு போன இடம் அதுதான். பாசனத்திலும் பெரிய ஆலைகளிலும் தானே எடுக்கும் நீர்தான் அதிகம் என்பதால், பணக் கணக்கு பார்க்காத பகுதிதான் பெரிய பகுதி.

நீர் நிறுவனத்தையே பெரிய நீர்ப் பயனராகக் காட்டுவது இதன் மறுபக்கம். அது எடுப்பது பிறருக்குக் கொடுப்பதற்காக. ‘வழங்குவதற்காக எடுத்தது’, ‘சொந்தப் பயனுக்காக எடுத்தது’ என்று இரண்டு வரிகள் பிரித்து வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். நிறுவனம் எடுத்ததையும் வீடுகள் பெற்றதையும் கூட்டி ‘நாட்டின் நீர்ப் பயன்பாடு’ என்று எழுதினால் ஒரே நீரை இரண்டு முறை எண்ணியதாகும்.

குழாயில் காணாமல் போகும் நீரையும் இங்கேயே சொல்லிவிடலாம். கசிந்து நிலத்தடிக்குப் போனால் அது இயற்கைக்குத் திரும்பிய நீர், நீர் நிறுவனத்தின் கணக்கில் வரும். திருட்டு இணைப்பில் போனது அப்படி அல்ல. நிறுவனத்துக்கு வருமானம் போனது உண்மை, ஆனால் நீரை யாரோ பயன்படுத்திவிட்டார்கள். மையச் சட்டகம் இதை இழப்பாகக் கருதுவதில்லை. பயன்பாட்டில்தான் சேர்க்கச் சொல்கிறது. ‘வருவாய் இல்லா நீர்’ என்ற நிறுவனத்தின் எண்ணை அப்படியே தூக்கி இழப்புப் பத்தியில் வைத்தால் கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் எல்லாம் ஒரே கூடையில் விழும்.

வகைப்பாட்டு எண்ணையும் பாருங்கள். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தில் நீர் வழங்கலுக்கு 36, கழிவுநீருக்கு 37. மூன்றாம் திருத்தத்தில் நீர் 41-ல் இருந்தது. கழிவுநீர் 90-ல், குப்பை அகற்றலோடு சேர்ந்து இருந்தது. நீண்ட காலத் தொடரை ஒட்டும்போது பழைய 90-ஐ அப்படியே 37 என்று எழுதினால் குப்பை லாரியின் வருமானமும் கழிவுநீர்த் துறைக்கு வந்துவிடும்.

மாசு: ஒரே அழுக்கை இரண்டு முறை எண்ணுவது

அதே காகித ஆலைக்குத் திரும்புவோம். ஓர் ஆண்டில் அதன் கழிவுநீரில் 40 டன் ரசாயன ஆக்சிஜன் தேவை, அதாவது சி.ஓ.டி. சுமை. நீரிலுள்ள அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லும் அளவு அது. அதில் 10 டன் நேராக ஆற்றுக்கு. 30 டன் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நிலையம் 80 சதவீதத்தை நீக்குகிறது, மீதி 6 டன்னை ஆற்றில் விடுகிறது.

துறைவாரியாகத் தகவல் திரட்டுபவருக்கு ஆலை 40 என்று சொல்லும், நிலையம் 6 என்று சொல்லும். கூட்டினால் 46. இந்த 46 எங்குமே இல்லாத எண். பொருளாதாரம் உண்டாக்கிய மொத்த மாசு 40. ஆற்றில் சேர்ந்தது 10-ம் 6-ம் சேர்ந்து 16. இந்த 6 டன்னை யார் பெயரில் எழுதுவது என்பதுதான் அடுத்த கேள்வி. நிலையத்தின் பெயரில் எழுதினால், நாட்டிலேயே பெரிய மாசுக்காரர் கழிவுநீர்த் துறை என்று ஆகிவிடும். சுத்தம் செய்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கணக்கு! ஐ.நா. முறையின் மாசு அட்டவணையில் இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் ஒவ்வொரு தொழிலும் உண்டாக்கிய மொத்தம். அடுத்து, நிலையத்திலிருந்து வெளியேறுவதை அதற்கு அனுப்பியவர்களிடமே திருப்பிப் பகிர்ந்த நிகரம். எந்தக் கட்டத்தின் எண்ணை மதிப்புக் கூட்டலோடு வகுக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஆலையின் உற்பத்தி முறை எவ்வளவு அழுக்கு என்று அறிய மொத்தம் வேண்டும். ஆற்றின் மேல் அதன் பாரம் எவ்வளவு என்று அறிய நிகரம் வேண்டும்.

நீக்கிய 24 டன் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். ஒரு பகுதி நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகப் போனது, ஒரு பகுதி சேறாகத் தங்கியது. அந்தச் சேறு நிலத்தில் கொட்டப்பட்டால் மாசு ஒழியவில்லை, முகவரி மாறியிருக்கிறது. தண்ணீர்க் கணக்கை மட்டும் தனியே பார்ப்பவருக்கு இது தெரியாது.

அடுத்தது செறிவும் சுமையும். ஆய்வக அறிக்கை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று செறிவைத்தான் தரும். தேசியக் கணக்கோடு இணைக்க வேண்டியது சுமை, அதாவது ஆண்டுக்கு இத்தனை டன். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள 5000 கன மீட்டர் கழிவுநீரில் இருப்பது 1000 கிலோ. இதே ஆலை இன்னும் 5000 கன மீட்டர் நல்ல நீரை ஊற்றிக் கலக்கினால் செறிவு 100 ஆகிவிடும், சுமை அதே 1000 கிலோ. செறிவை வைத்துத் தரவரிசை போட்டால் தண்ணீரை அதிகம் வீணாக்கிய ஆலைக்குத்தான் பரிசு.

உள்ளே வரும் நீரிலேயே அழுக்கு இருக்குமே, அது? எடுத்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமும் விட்ட நீரில் 50-ம் இருந்தால், அளவும் ஏறக்குறைய ஒன்றே என்றால், இந்த ஆலை சேர்த்தது 30-க்கு உரியதுதான். மாசுக் கணக்கு என்பது சேர்த்த மாசின் கணக்கு. அசுத்தமான ஆற்றின் கடைசியில் இருக்கும் ஆலைகளுக்கு இந்தக் கழித்தல் செய்யாமல் விட்டால் மேலே இருப்பவர்களின் பாவமும் அவர்கள் தலையில் ஏறும்.

மாசுகளை ஒன்றோடொன்று கூட்டுவதும் நடக்கிறது. பி.ஓ.டி.யையும் (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சி.ஓ.டி.யையும் கூட்டி ‘மொத்த கரிம மாசு’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நுண்ணுயிர்களால் சிதையும் பொருளை அளப்பது முதலாவது. அதையும் சேர்த்து ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் ஆகும் பொருளை அளப்பது இரண்டாவது. ஒன்றுக்குள் ஒன்று இருப்பதைக் கூட்டவே கூடாது. விளைவு ஒன்றாக இருக்கும் மாசுகளைப் பொது அலகுக்கு மாற்றிக் கூட்டலாம்: நெதர்லாந்துக் கணக்கில் நீர்நிலையில் பாசி பெருகச் செய்யும் சத்துகளுக்கு 1 கிலோ பாஸ்பரஸ், 10 கிலோ நைட்ரஜனுக்குச் சமம் என்று வைத்தார்கள். பாதரசத்தையும் பாஸ்பரஸையும் கிலோவில் கூட்டுவதற்கு அப்படி ஒரு நியாயம் கிடையாது. கூட்டினால் எடை அதிகமுள்ள, ஆபத்து குறைந்த மாசுதான் எண்ணை ஆளும்.

வயலிலிருந்து வரும் மாசு

குழாய் முனையில் நின்று அளக்கக்கூடிய மாசு வரைக்கும் மேலே சொன்ன கவனம் போதும். வயலில் இட்ட உரம் மழையோடு வழிந்து போவதற்குக் குழாய் முனை எங்கே இருக்கிறது? அதனால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விவசாயத்தின் மாசுப் பத்தி சுத்தமாக இருக்கும். ஆற்றிலோ நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். வேறு சிலர் எதிர்த்திசையில் போய், விற்ற உரம் முழுவதையும் மாசு என்று எழுதிவிடுகிறார்கள். இட்ட நைட்ரஜனில் ஒரு பகுதி அறுவடையோடு வயலை விட்டுப் போகிறது, ஒரு பகுதி காற்றில் கலக்கிறது, ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. மீதிதான் நீருக்கு வருவது. சத்துச் சமநிலைக் கணக்குப் போட்டு மதிப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதிலும் காலம் என்று ஒரு பொறி இருக்கிறது. மண்ணில் தங்கிய நைட்ரேட் நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரச் சில இடங்களில் பல ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகும். இன்று கிணற்றில் அளந்ததை இன்றைய விவசாய மதிப்புக் கூட்டலோடு வகுத்தால், அப்பா காலத்து உரத்துக்கு மகன் காலத்து விளைச்சலைப் பொறுப்பாக்கியதாகும். கணக்கில் எழுத வேண்டியது இந்த ஆண்டு வெளியேறிய சுமை. நீர்நிலையின் தரம் வேறு பக்கத்தில், வேறு தலைப்பில் இருக்க வேண்டும்.

யாருடைய எல்லை?

தேசியக் கணக்கின் எல்லை, வசிப்பவர்கள். நீர்ப் புள்ளிவிவரத்தின் எல்லை, நிலப்பரப்பு. காற்று மாசில் இந்த வித்தியாசம் பெரிய தலைவலி. கப்பலும் விமானமும் எல்லை தாண்டுகின்றன. தண்ணீரில் அவ்வளவு இல்லை. வெளிநாட்டுப் பயணி விடுதியில் குளித்த நீர் விடுதித் தொழிலின் கணக்கில் வந்துவிடுகிறது. இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டியது ஆற்றுப் படுகையில். பொருளாதாரப் புள்ளிவிவரம் மாநிலம், மாவட்டம் என்று நிர்வாக எல்லைப்படி வரும். தண்ணீர் வடிநிலப்படி ஓடும். தேசிய அளவில் தண்ணீர் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும் நாட்டில், பொருளாதாரத்தின் முக்கால்வாசி வறண்ட படுகை ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். தேசியச் சராசரி அதை மறைத்துவிடும். 2000-ல் வந்த ஐரோப்பிய நீர்ச் சட்டக ஆணை, நீர்ப் பயன்பாட்டின் பொருளாதார ஆய்வை ஆற்றுப் படுகை வாரியாகக் கேட்டது. நெதர்லாந்து ரைன், மியூஸ், ஷெல்ட், எம்ஸ் என்ற நான்கு படுகைகளில் விரிந்த நாடு. ரைனை மேலும் பிரித்துக்கொண்டு, நம்வாவின் பணக் கணக்கையும் மாசுக் கணக்கையும் படுகைகளுக்குப் பகிர்ந்தார்கள்.

பகிரும்போது வரும் சிக்கலைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் ஒரு படுகையில், அதன் மூன்று ஆலைகள் வேறு படுகைகளில். நிறுவனம் ஒரே வரவு-செலவு அறிக்கைதான் தருகிறது. அதன் மதிப்புக் கூட்டல் முழுவதும் அலுவலகம் இருக்கும் படுகையில் விழும். கழிவு ஆலைகள் இருக்கும் இடங்களில் விழும். விளைவாக, தலைநகரப் படுகை அதிசயமான நீர்த் திறன் கொண்டதாகவும், ஆலைப் படுகைகள் தண்ணீரைக் குடித்துப் பணம் ஈட்டாத சோம்பேறிகளாகவும் தெரியும். ஆலைவாரியாக வேலையாட்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது வழக்கம். அதுவும் மதிப்பீடுதான், ஆனால் தலைமை அலுவலக முகவரியை நம்புவதைவிடப் பல மடங்கு மேல்.

ஆற்றின் தரத்தை நேராக உள்நாட்டு உற்பத்தியோடு இணைப்பதும் இதே ரகம். பல நாடுகளைக் கடந்து கடைசியாக நெதர்லாந்துக்கு வரும் ரைன், மேலே இருப்பவர்களின் மாசையும் சுமந்துதான் வருகிறது. நமேயாவில் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் மாசுக்கும் வெளியே போகும் மாசுக்கும் தனி இடம் வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த இடம் இல்லாத அட்டவணையில், கீழே இருக்கும் நாடு எவ்வளவு சுத்தமாக உற்பத்தி செய்தாலும் மதிப்பெண் வாங்க முடியாது.

ஆண்டு எது என்பதும் எல்லைக் கேள்விதான். தேசியக் கணக்கு பல நாடுகளில் ஜனவரி முதல் டிசம்பர். அமெரிக்காவில் நீரியல் ஆண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஆஸ்திரேலியாவின் நீர்க் கணக்கு ஜூலை முதல் ஜூன் வரை, அங்கே நிதியாண்டும் அதுவே என்பதால் பொருந்திவிடுகிறது. மற்ற இடங்களில் மாதவாரித் தரவை வாங்கி மாற்றியமைக்க வேண்டும். வறட்சி ஒன்று இரண்டு ஆண்டுகளின் நடுவில் விழுந்தால், பணக் கணக்கில் விளைச்சல் சரிந்த ஆண்டும் நீர்க் கணக்கில் பாசனம் சரிந்த ஆண்டும் வேறு வேறாகத் தெரியும்.

கன மீட்டருக்கு எவ்வளவு என்ற எண்ணின் ஆபத்து

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்து விகிதமும் கண்டுபிடித்தாயிற்று. இப்போதுதான் பெரிய தவறுகள் தொடங்கும், ஏனென்றால் இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

விவசாயத்தின் மொத்த மதிப்புக் கூட்டலைப் பாசன நீரால் வகுப்பது முதல் தவறு. தொகுதியில் மானாவாரி விளைச்சலும் இருக்கிறது, பகுதியில் பாசன நீர் மட்டும் இருக்கிறது. மானாவாரி அதிகமுள்ள நாடு ஒரு சொட்டு நீரைக்கூட மிச்சப்படுத்தாமலே திறமைசாலி ஆகிவிடும். நிலையான வளர்ச்சி இலக்குகளில் 6.4.1 என்ற குறியீடு நீர்ப் பயன்பாட்டுத் திறனை அளக்கிறது. அதன் சூத்திரத்தில் மானாவாரியின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் விவசாய மதிப்புக் கூட்டலை எடுக்கிறார்கள். நாமே சொந்தமாகக் கணக்குப் போடும்போது அந்தக் கழித்தலை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, நடப்பு விலையில் தொடர் போடுவது. பணவீக்கம் மட்டும் போதும், ஒவ்வோர் ஆண்டும் நீர்த் திறன் கூடியதாகத் தெரிய. நிலை விலைக்கு, அதாவது விலையேற்றத்தை நீக்கிய விலைக்கு, மாற்றாத எந்தத் தொடரையும் நான் படிப்பதில்லை.

மூன்றாவது, சராசரியை முடிவெடுக்கப் பயன்படுத்துவது. ஒரு கன மீட்டருக்கு விவசாயம் தருவதைவிட மென்பொருள் துறை ஆயிரம் மடங்கு தருகிறது என்று ஓர் எண் வரும். அதனால் விவசாயத்திடமிருந்து ஒரு கன மீட்டரைப் பிடுங்கி மென்பொருள் அலுவலகத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி ஆயிரம் மடங்கு கூடுமா? அந்த அலுவலகத்தில் தண்ணீர் போவது கழிவறைக்கும் குடிப்பதற்கும். இன்னொரு கன மீட்டர் கிடைத்தால் அவர்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. கூடுதலாக ஒரு அலகு கொடுத்தால் என்ன கூடும் என்பது வேறு கேள்வி; இந்த அட்டவணை அதற்குப் பதில் சொல்லாது. இந்தத் தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் பொருளாதாரம் நன்கு படித்தவர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நான்காவது, இறக்குமதியை மறப்பது. சாயமும் தோலும் காகிதமும் உள்ளூரில் செய்வதை நிறுத்திவிட்டு வாங்கத் தொடங்கினால் உள்நாட்டு மாசு சரியும், உள்நாட்டு உற்பத்தி சேவைத் துறையால் வளரும். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் அழகாகப் பிரிந்து போகும். வளர்ச்சி வேறு மாசு வேறு ஆகிவிட்டது என்று கைதட்டுவோம். யாரோ ஒருவரின் ஆறு நம் பொருளுக்காக நிறம் மாறியிருக்கும். உற்பத்திப் பக்கக் கணக்கோடு நுகர்வுப் பக்கக் கணக்கையும் போட்டால்தான் இது தெரியும். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணையில் மாசையும் சேர்த்து, ஒரு பொருளின் பின்னால் இருக்கும் மொத்த மாசைக் கண்டுபிடிக்கும் வழியைப் பொருளாதார அறிஞர் வஸிலி லியோன்டிஃப் 1970-லேயே காட்டிவிட்டார். கருவி ஐம்பது வருடங்களுக்கு மேல் பழையது. ஒரு எச்சரிக்கை: இறக்குமதிப் பொருளும் நம் நாட்டு முறையில்தான் செய்யப்பட்டது என்று எண்ணி உள்ளூர் மாசு விகிதத்தையே அதற்கும் போட்டால் வரும் விடை, ‘இங்கே செய்திருந்தால் எவ்வளவு மாசு’ என்பது. அங்கே உண்மையில் எவ்வளவு என்பது அல்ல.

ஜிடிபியிலிருந்து நீர் மாசைக் கழித்து ‘பசுமை ஜிடிபி’ என்று ஒற்றை எண் சொல்லும் ஆசையைப் பற்றிச் சுருக்கமாக: கழிக்க வேண்டுமென்றால் டன்னுக்கு ஒரு விலை போட வேண்டும், அந்த விலைதான் விடையைத் தீர்மானிக்கும். சுத்திகரிப்புச் செலவு ஜிடிபியைக் கூட்டுகிறது என்பது உண்மைதான். அதைக் கழிப்பதைவிட, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் செலவு என்று தனியாகப் பிரித்துக் காட்டுவது உருப்படியான வேலை.

காலிக் கட்டமும் சுழியமும்

கடைசியாக, எக்செல் தாளில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். தண்ணீர் அட்டவணையில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொடுத்தவர் கணக்கும் பெற்றவர் கணக்கும் சமமாக வேண்டும். முதல் முறை போடும்போது சமமாகவே ஆகாது. உடனே கை தானாக வீடுகள் அல்லது விவசாயம் என்ற பத்திக்குப் போகும். மிச்சம் மீதி எல்லாம் அங்கே தள்ளப்படும். அங்கே அளவீடு குறைவு, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பத்தியைப் பார்ப்பவர், விவசாயம் ஒரே ஆண்டில் எப்படி இவ்வளவு தாவியது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார். பொருந்தாத தொகைக்கு ‘புள்ளியியல் வேறுபாடு’ என்று தனி வரி வைத்து, அது எவ்வளவு பெரியது என்று வெளியே தெரியும்படி விடலாம். பணக் கணக்குக்காரர்கள் அதைத்தான் பல காலமாகச் செய்கிறார்கள்.

மாசுப் பக்கத்தில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கழிவு விடும் ஆலைகள் மட்டுமே அறிக்கை தர வேண்டும் என்று பல இடங்களில் விதி. சிறு பட்டறைகள் அறிக்கை தருவதில்லை, அவற்றின் கட்டம் காலியாக இருக்கும். தாளை அடுத்த மென்பொருளுக்கு மாற்றும்போது காலிக் கட்டம் சுழியம் ஆகிவிடும். நான் ஒரு முறை துறைவாரியாக மாசு-மதிப்பு விகிதம் போட்டுக்கொண்டிருந்தபோது உலோக முலாம் பூசும் தொழிலுக்கு நிக்கலும் குரோமியமும் 0.00 என்று வந்தது. மதிப்புக் கூட்டல் மட்டும் முழுதாக இருந்தது. அது நிறுவனக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, அங்கே சிறு பட்டறைகளும் உண்டு. அட்டவணையிலேயே மிகச் சுத்தமான தொழில் அதுதான். மூலத் தாளைத் திறந்து பார்த்தேன். அந்த வரியில் எண்ணே இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.